இரண்டரை கே.வி.ஏ. ஜெனரேட்டரில் ஒன்றரை டன் ஏ.சி. ஓடுமா?

கேள்வி: எங்கள் தோட்டத்து வீட்டுக்கு இன்னும் மின் இணைப்பு கிடைக்கவில்லை. கோடை இரவுகளில் என் தாயார் புழுக்கம் தாங்காமல் தவிக்கிறார். வீட்டில் 2.5 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் இருக்கிறது. பழைய ஒன்றரை டன் ஸ்பிலிட் ஏ.சி.யை அதில் இணைத்தால், சில நொடிகளில் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடுகிறது. பெரிய ஜெனரேட்டர் வாங்க வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்க வேண்டாம். உங்கள் ஜெனரேட்டர் ஏறத்தாழ 2,000 வாட் தரும், ஏ.சி.க்கு ஓடும்போது சுமார் 1,700 வாட் போதும் என்பதால், கணக்கில் எல்லாம் சரியாகவே தோன்றும். சிக்கல் ஓடும்போது அல்ல, கிளம்பும்போதுதான். பழைய வகை கம்ப்ரசர் கிளம்பும் அந்த ஒரு கணத்தில், வழக்கமாக எடுக்கும் 8 ஆம்பியரைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். உங்கள் ஜெனரேட்டரோ 11 ஆம்பியர் அளவுக்குத்தான் கொடுக்கும். எஞ்சின் சத்தம் சட்டென்று தாழ்ந்து, விளக்கு மங்கி, கம்ப்ரசர் சுழலாமல் 'உம்' என்று முனகுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். அந்த நிலையில் மறுபடி மறுபடி முயன்றால் கம்ப்ரசரின் காயில் சூடேறிக் கருகிவிடும்.

முதலில் ஒரு மெக்கானிக்கை அழைத்து ஏ.சி.யின் கெப்பாசிட்டரை, அதாவது கம்ப்ரசர் கிளம்ப உந்துதல் தரும் சிறு பாகத்தை, சோதிக்கச் சொல்லுங்கள். அது வலுவிழந்திருந்தால் கம்ப்ரசர் கிளம்பவே சிரமப்படும். மாற்றுவதற்குப் பெரிய செலவும் ஆகாது. ஆனால் அது ஒன்றே தீர்வாகிவிடும் என்று நான் நம்பவில்லை. பழைய ஏ.சி.யையே வைத்துக்கொள்வதானால் குறைந்தது 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தேவைப்படும், அதன் பெட்ரோல் செலவு ஒவ்வோர் இரவும் உங்களை வருத்தும். அந்தப் பணத்தில், தாயார் உறங்கும் அறைக்கு மட்டும் ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்குவதே மேல் என்பது என் கருத்து. அதன் கம்ப்ரசர் மெதுவாக வேகமெடுப்பதால் தொடக்கத்தில் அந்தப் பெரும் இழுப்பு இருக்காது. அறை குளிர்ந்து, 26 டிகிரியில் வைத்தால், மின் தேவையும் நன்றாகக் குறையும். ஒரே ஒரு எச்சரிக்கை: சாதாரண ஜெனரேட்டரின் மின்சாரம் சீராக இல்லாவிட்டால் ஏ.சி.யின் எலக்ட்ரானிக் போர்டு ஏற்காமல் போகலாம். ஆகவே வாங்கும் முன் கடைக்காரரிடம் ஜெனரேட்டரின் மாடலைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டரை எந்தச் சுமையும் இல்லாமல் கிளப்பி, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்ட பிறகே ஏ.சி.யைப் போட வேண்டும். பெட்ரோல் தீரும் தறுவாயில் எஞ்சின் ஏறி இறங்கி ஓடும், மின்னழுத்தமும் கூடவே தள்ளாடும் என்பதால், அதற்கு முன்பே ஏ.சி.யை நிறுத்திவிடுங்கள். மீண்டும் பெட்ரோல் ஊற்றுவது எஞ்சின் ஆறிய பிறகுதான். சூடான சைலன்சரில் சில துளிகள் சிந்தினாலே தீப்பிடிக்கும். பின்னாளில் மின் இணைப்பு வந்ததும், கம்பத்து மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்தாமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் இணைக்கவே கூடாது. உங்கள் ஜெனரேட்டரின் மின்சாரம் கம்பத்துக்கு ஏறி, அங்கே வேலை செய்யும் லைன்மேனின் உயிரைப் பறிக்கக்கூடும்.

ஜெனரேட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குப் பெரிய கவலை அதுதான். திருட்டுக்கும் மழைக்கும் பயந்து பலர் திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைத்துவிடுகிறார்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவிடுக்கு வழியே நுழைந்தால், உறங்குபவர் விழிக்காமலே உயிர் போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும் அதை நம்ப முடியாது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, நான்கு பக்கமும் திறந்த ஒரு தகரக் கொட்டகையில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி வையுங்கள். அந்தத் தூரத்துக்கு 4 சதுர மி.மீ. தாமிரக் கேபிள் போடுங்கள். இரவில் தாயாருக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் எது வந்தாலும், உடனே அவரை வெளிக்காற்றுக்கு அழைத்து வந்து, ஜெனரேட்டரை நிறுத்தி, 108-ஐ அழையுங்கள்.