சேர்ந்து வரைவது பற்றி டீச்சரிடம் கேள்வி பதில்

பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மதுரையில் தனியாக இருக்கும் பெரியவர்கள் சிலரோடு வாரம் ஒரு மாலை கோலம், சுங்குடி, களிமண் என்று ஏதாவது செய்கிறோம். அதைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

திருநகர்: டீச்சர், எனக்கு வரையவே வராது. நான் சேரலாமா?

தாராளமாக.

மருத்துவக் கல்லூரி மாணவர்: மேடம், கலை மனதுக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டா, இல்லை நம்பிக்கைதானா?

நல்ல கேள்வி தம்பி. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நோய் வராமல் பார்த்துக்கொள்வதிலும், வந்த நோயோடு வாழ்வதிலும் கலைக்குப் பங்கு உண்டு என்றது. அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வையும் பலர் மேற்கோள் காட்டுவார்கள். 39 பேருக்குக் களிமண், மார்க்கர், ஒட்டுப்படத்துக்கான காகிதம் எல்லாம் கொடுத்து 45 நிமிடம் விட்டார்கள். முன்னும் பின்னும் எச்சில் எடுத்து, மன அழுத்தத்தில் கூடும் கார்டிசாலை அளந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் குறைந்திருந்தது. பழகிய கை, பழகாத கை என்ற வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அதில் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் குறைந்திருக்குமோ என்று நீங்கள் கேட்டால் அந்த ஆய்வில் பதில் கிடையாது. அதனால், 'கலை எல்லா நோயையும் தீர்க்கும்' என்று பேனர் அடிப்பவர்களிடம் ஜாக்கிரதை.

என் அனுபவத்தில், வேலை பாதியில் காத்திருக்கிறது என்பதற்காகவே ஒருவர் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புகிறார். வராவிட்டால் யாராவது போன் போட்டு விசாரிக்கிறார்கள்.

அனுப்பானடி: கொரோனா நேரத்தில் எப்படி அக்கா சேர்ந்து செய்தீர்கள்?

2020 சித்திரை நினைவிருக்கும். மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணத்தை வீட்டில் இருந்தபடியே நேரலையில் பார்த்துவிட்டுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டோம். அழகர் ஆற்றில் இறங்கவில்லை. அந்த வருத்தத்தில் எங்கள் தெருவில் ஒன்று செய்தோம். ஒவ்வொரு வீடும் தன் வாசலில் அழகர் வருவதில் ஒரு துண்டு வரைய வேண்டும். ஒரு வாசலில் தங்கக் குதிரையின் தலை, அடுத்ததில் கால்கள், அப்புறம் குடை, தோல் பையில் தண்ணீர் பீய்ச்சும் ஆள், திரி ஏந்துகிறவர். குதிரையின் வால் மட்டும் இரண்டு வீடு தள்ளிப் போய்விட்டது, நடுவில் ஒரு வீடு பூட்டிக் கிடந்ததால். ஊரடங்கில் யாராலும் நடந்து போய் முழுசாகப் பார்க்க முடியவில்லை. பார்த்தவர் பால்காரர் ஒருவர்தான். 'உங்க குடை சாஞ்சிருக்கு, அவங்க குதிரை நல்லாருக்கு' என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார்.

ஜூன் 24-இல் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது சுங்குடியை எடுத்தோம். இங்கே சௌராஷ்டிரப் பெண்கள் தலைமுறைகளாக வீட்டில் உட்கார்ந்தே செய்கிற வேலை அது. 2005-இல் புவிசார் குறியீடும் வாங்கியது. துணியை நகநுனியில் மிளகளவு கிள்ளி, நூலை இறுக்கச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். சாயத்தில் முக்கிக் காயவைத்து, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் படபடவென்று தெறிக்கும், நூல் இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஒரே துணியைப் பையில் போட்டுக் கதவுக் கொண்டியில் மாட்டிவிடுவோம். ஒன்றிரண்டு நாள் வெயிலில் கிடந்தபின் அடுத்த வீட்டார் எடுத்துக் கட்டுவார். துணி யாரிடம் இருக்கிறது என்று கேட்கவே தினம் போன் வந்தது. யார் கட்டியது எது என்று புள்ளியைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒருவர் கட்டிய புள்ளிகள் எல்லாம் பெரிது பெரிதாக, கோபத்தில் கிள்ளியது போலவே இருந்தன.

கே.கே.நகர்: எனக்கு ஓவியம் தெரியாது, சேரலாமா?

திருநகருக்குச் சொன்னதுதான்.

உசிலம்பட்டி: அப்பாவுக்குக் கை நடுங்குகிறது. பிரஷ் பிடிக்க முடியவில்லை.

நடுக்கம் எதனால் என்று முதலில் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம் களிமண் கொடுங்கள். பிரஷ் நுனியில் தெரிகிற நடுக்கம் களிமண்ணை அழுத்தும்போது அவ்வளவாகத் தெரியாது. விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் அச்சில் மண்ணை அழுத்தி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி அச்சு ஒன்று போதும். அவர் அழுத்தட்டும், பேரப்பிள்ளை கண் எழுதட்டும்.

விளாங்குடி: உங்கள் குழுவின் படங்களை இன்ஸ்டாகிராமில் போடலாமே?

போட மாட்டோம். கேமரா வந்தால் எல்லோரும் கைவேலையை விட்டுவிட்டுத் தலைமுடியைச் சரிசெய்கிறார்கள்.

பெயர் வேண்டாம்: கணவர் தவறி எட்டு மாதம் ஆகிறது. தூக்கமே இல்லை, எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுகிறது. கோலம் போட்டால் சரியாகுமா?

அம்மா, இதற்குக் கோலம் போதாது. இன்றைக்கே 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண் அது, கட்டணம் இல்லை, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். பக்கத்தில் நம்பிக்கையான ஒருவரிடமும் இதே வார்த்தையைச் சொல்லுங்கள். எங்களிடமும் வாருங்கள். வரைய வேண்டாம், உட்கார்ந்திருந்தால் போதும்.

பழங்காநத்தம்: பரிசு இல்லாவிட்டால் யார் வருவார்கள் டீச்சர்? எங்கள் தெரு மார்கழிக் கோலப் போட்டிக்கு முதல் பரிசு குக்கர். தெருவே திரண்டு வந்தது.

வந்தது. நடுவர் போனபின் எத்தனை பேர் நின்றார்கள்? நானும் நடுவராக இருந்திருக்கிறேன். அவரவர் கட்டத்துக்குள் அவரவர். முடிவு சொன்னதும் மூன்று பேர் சிரிப்பார்கள், மற்றவர்கள் 'நடுவர் அவங்களுக்குச் சொந்தம்' என்பார்கள். தன்னை யாரும் கண்டுகொள்வதில்லை என்று ஏற்கனவே நொந்திருப்பவரை அழைத்து வந்து நாலு பேர் முன்னால் தோற்கவைப்பானேன்?

பதிலுக்கு ஒரே பெரிய சிக்குக் கோலம் போடுங்கள், நாலு பக்கமும் ஆள் உட்கார்ந்து. புள்ளிகளைச் சுற்றிப் போகும் கம்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். என் கம்பி உங்கள் பக்கம் நுழையும். நீங்கள் ஒரு வளைவை விட்டால் என் பக்கம் முட்டி நிற்கும். 'மூணாவது புள்ளிக்கு வெளியே வாங்க' என்று வாய் திறந்தே ஆக வேண்டும். மாதக்கணக்கில் பேசாதவர்கள்கூட இப்படி அடுத்தவரைத் திருத்தத்தான் முதலில் பேசுகிறார்கள். (சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970-களில் கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கண விதிகளோடு சேர்த்து ஆராய்ந்தார். கணக்குப் பிரியர்கள் தேடிப் படிக்கலாம்.)

பழங்காநத்தம்: எங்கம்மா போட்டி என்றதும்தான் கதவைத் திறந்தார். ஒரு மாதம் நோட்டில் போட்டுப் பழகினார். அது தப்பா?

செல்லூர்: குறுக்கே வருகிறேன். என் மாமியார் பரிசு கிடைக்காத கோபத்தில் கோலம் போடுவதையே விட்டுவிட்டார். இப்போது வாசலில் ஸ்டிக்கர்.

பழங்காநத்தம் அம்மா பழகிய அந்த ஒரு மாதம் அருமை, மறுக்கவில்லை. அந்த நோட்டைத் தெருவில் நாலு பேருக்குக் காட்டியிருந்தால் போட்டியே வேண்டியிருக்காது. பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே கோலமாவுப் பொட்டலம்.

பழங்காநத்தம்: எல்லோருக்கும் கொடுத்தால் அதற்குப் பேர் பரிசா?

இல்லை. அதனால்தான் சொல்கிறேன். செல்லூர், மாமியாரிடம் ஓர் உதவி கேளுங்கள். உங்களுக்குக் கோலத்தில் நெளிவு வரவில்லை, சொல்லித்தாங்க என்று. வந்தாலும் வரவில்லை என்றே சொல்லுங்கள்.

இனி போட்டி பற்றிய கேள்விகளுக்குப் பதில் கிடையாது.

பை-பாஸ் ரோடு: டீச்சர், எனக்கு வரைய...

தெரியாது. சேரலாம்.

மேலூர்: எங்கள் ஊரில் ஆரம்பிக்க எத்தனை பேர் வேண்டும்? இடம்?

மூன்று பேர். மண்டபம் பிடிக்காதீர்கள், வாடகை கட்டினால் வசூல் வரும், வசூல் வந்தால் சண்டை வரும். ஒரு வீட்டுத் திண்ணை போதும். கிழமையையும் நேரத்தையும் மாற்றவே மாற்றாதீர்கள், வயதானவர்கள் அதை நம்பித்தான் மாத்திரை நேரத்தை வைத்துக்கொள்வார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு மேசையில் சிலேட்டும் சாக்பீஸும். டீ யார் வீட்டிலிருந்து என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். போட்டோ வேண்டாம்.