சாப்பாடு எப்போது வரும்?

அன்புள்ள ஐயா,

நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தருமபுரி பக்கம். அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து சென்ற மாதம் ஓய்வு பெற்றார். அதைக் கொண்டாட அப்பாவையும் அம்மாவையும் இங்கே ஒரு பெரிய உணவகத்துக்கு டேஸ்டிங் மெனு சாப்பிட அழைத்துப் போனேன். மொத்தம் 11 கோர்ஸ், இரண்டரை மணி நேரம். மூன்று பேருக்கும் வரியோடு 20,000 ரூபாயைத் தாண்டியது. எல்லாமே ஒரு வாய், இரண்டு வாய்தான். ஒன்பதாவது தட்டு போனதும் அப்பா பரிமாறியவரிடம் மெதுவாக, "தம்பி, சாப்பாடு எப்ப வரும்?" என்று கேட்டார். அவர் சிரித்துவிட்டார். பக்கத்து மேஜையிலும் சிரித்தார்கள். அதற்கப்புறம் அப்பா பேசவே இல்லை. இரவு பதினொன்றரை மணிக்கு வீட்டில் அம்மா தயிர்சாதம் பிசைந்து கொடுத்தார். நான் செய்தது தவறா? இதெல்லாம் வெறும் பகட்டா, இல்லை ரசிக்க எங்களுக்குத்தான் தெரியவில்லையா?

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அன்று அந்த மேஜையில் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவர் கேட்டிருக்கிறார். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று பரிமாறுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம் இல்லை. பிரெஞ்சுப் பிரபுக்களின் விருந்தில் மேஜை நிறைய எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிடுவார்கள். எட்டுகிறதை எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். 19ஆம் நூற்றாண்டில்தான் ரஷ்ய முறை என்ற பெயரில் வரிசையாகப் பரிமாறுவது பாரிஸில் பரவியது. அளவு சுருங்கி, எண்ணிக்கை கூடி, என்ன சாப்பிடுவது என்பதைச் சமையல்காரரே முடிவுசெய்யும் இன்றைய டேஸ்டிங் மெனுவுக்கு இன்னொரு தாய்வீடும் உண்டு. அது கைசெகி என்ற ஜப்பானிய விருந்து முறை. பால் போக்யூஸ் போன்ற பிரெஞ்சு சமையல்காரர்கள் 1970களில் ஜப்பான் போய்வந்தார்கள். சின்னத் தட்டு, அந்தந்தப் பருவத்தில் விளைந்த பொருள், தட்டில் முக்கால் பங்கைக் காலியாக விடுவது என்று பலவும் அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டவை.

கைசெகி என்பதை இரண்டு விதமாக எழுதுவார்கள். அதில் ஒன்றுக்கு 'மடியில் வைத்த கல்' என்று பொருள். ஜென் துறவிகள் பசி தெரியாமலிருக்க, சூடாக்கிய கல்லை அங்கிக்குள் வயிற்றோடு வைத்துக்கொள்வார்களாம். தேநீர்ச் சடங்கில் தரும் கெட்டித் தேநீர் வெறும் வயிற்றில் இறங்கக் கூடாது என்று முன்னால் கொடுத்த சிறு உணவுக்கு அந்தப் பெயர் வந்தது. பசித்திருக்கும் வயிற்றை நினைத்து வைத்த பெயர்!

அந்தத் தேநீர் உணவில் ஒரு வாய் சோறு முதலிலேயே வந்துவிடும். உணவகங்களில் மதுவோடு நீளும் இன்னொரு வகைக் கைசெகியில் சோறு கடைசியில் வரும், மிசோ சூப்பும் ஊறுகாயும் துணைக்கு. எப்படியானாலும் சோறு உண்டு. அது இல்லாமல் அங்கே விருந்து முடியாது. நம் பந்தியும் அப்படித்தானே? பொரியல், கூட்டு, அப்பளம் எல்லாம் இலையில் முதலிலேயே உட்கார்ந்துவிடும். சோறு மட்டும் பருப்போடு ஒரு முறை, சாம்பாரோடு ஒரு முறை, ரசத்தோடு ஒரு முறை என்று வரிசையில் வந்து மோரில் முடியும். ஐரோப்பா இந்த வடிவத்தை எடுத்துக்கொண்டபோது சோற்றை விட்டுவிட்டது. முடிவு என்றால் இனிப்பு என்பது அவர்கள் வழக்கம். அந்த வடிவம் ஊர் சுற்றி பெங்களூருக்கு வந்து சேரும்போது, சோறுண்ணும் ஒருவர் "சாப்பாடு எங்கே?" என்று கேட்கத்தானே செய்வார்?

சரி, இது வெறும் பகட்டா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை என்பேன். சில வருடங்களுக்கு முன், ஒரு ஏப்ரலில், நானும் மனைவியும் கியோட்டோவில் ஒரு சின்ன கடையில் கைசெகி சாப்பிட்டோம். எட்டு பேர் உட்காரும் இடம். மூன்றாவதாக மூடி போட்ட அரக்குக் கிண்ணம் ஒன்று வந்தது. மூடியைத் தூக்கினேன், வரவில்லை. உள்ளே ஆவி அடைத்து மூடி இறுகிப் பிடித்திருந்தது. கடைக்கார அம்மாள், கிண்ணத்தின் விளிம்பை இரண்டு பக்கமும் லேசாக அழுத்தும்படி சைகை காட்டினார். அழுத்தினேன், மெல்லிய சத்தத்தோடு மூடி விட்டுக்கொடுத்தது. முதலில் முகத்தில் பட்டது வாசனைதான். கொம்பு என்கிற கடற்பாசியும் காயவைத்துச் சீவிய மீனும் சேர்ந்து இறங்கிய தெளிந்த சாறு. நடுவில் இளம் மூங்கில் குருத்து ஒரு துண்டு. மேலே கினோமே என்ற கொழுந்து ஒன்று. அதை உள்ளங்கையில் வைத்துத் தட்டிப் போட்டால்தான் மணம் எழும் என்றார்கள். மூடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள். நாலு மடக்கில் குடித்துவிட்டேன். ஐந்தாவது மடக்கு இருந்திருந்தால் அந்தக் கொழுந்தின் மணம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அளவு சிறியதாக இருப்பதற்கு உடம்பிலேயே ஒரு காரணம் உண்டு. ஒரே பதார்த்தத்தைச் சாப்பிடச் சாப்பிட அதன்மேல் ஆசை குறையும். சாப்பிடாத பதார்த்தத்தின் மேல் அவ்வளவாகக் குறையாது. பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 1981இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். வயிறு முட்டிய பிறகும் பாயசத்துக்கு இடம் கிடைக்கிறதே, அதே சங்கதிதான். நாக்கு களைப்பதற்குள் தட்டை எடுத்துவிடுவது இந்தச் சமையலின் அடிப்படை. சென்னை கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலில் இருக்கும் ஆவர்த்தனா உணவகத்தில் தக்காளி ரசத்தைத் தெளிவாக வடித்துக் கண்ணாடிக் கோப்பையில் தருகிறார்கள். சோறில்லாமல் ரசத்தை மட்டும் கவனித்துக் குடிப்பது நாமெல்லாம் காய்ச்சல் வந்தால் செய்கிற காரியம். நல்ல உடம்போடும் ஒரு முறை செய்து பார்க்கலாம்.

ஆகவே ரசிக்கத் தெரியவில்லை என்று நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை. கவனம் வேண்டிய விஷயம் இது; பசி காதை அடைக்கும்போது கவனம் எங்கிருந்து வரும்? எனக்குக் கோபம் வந்தது அந்தச் சிரிப்பைப் படித்தபோதுதான். என்ன ஒவ்வாது என்று முன்கூட்டியே கேட்கிறார்கள். முதல் தடவை வருகிறவர்களிடம் "இது இப்படித்தான் வரும், இவ்வளவு நேரமாகும், பசித்தால் சொல்லுங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. அறுபது வயது மனிதர் வாய்விட்டுக் கேட்டபின்னும் உள்ளே போய் ஒரு கிண்ணம் சோறு கொண்டுவரத் தோன்றவில்லை என்றால், அந்த 11 தட்டிலும் காட்டிய நுணுக்கத்தை நான் மதிக்கமாட்டேன். விருந்தினர் முகம் வாடினால் பரிமாறத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். அதை நம் ஊர்ப் பந்தியில் வாளி தூக்குகிற பையன்கூட அறிவான்.

பணத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்காகச் செலவழித்ததில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இந்தச் சமையல் உலகத்தில் என்னை உறுத்துவது வேறு. கோபன்ஹேகனில் இருக்கும் நோமா, உலகப் பட்டியலில் ஐந்து முறை முதலிடம் பிடித்த உணவகம். அங்கே பயிற்சிக்கு வந்தவர்களுக்கு 2022 அக்டோபர் வரை சம்பளம் கிடையாது. ஒரு தட்டில் இலை இலையாக அடுக்க எத்தனை கைகள் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். சம்பளம் கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களில், 2023 ஜனவரியில், இந்த முறை இனித் தாங்காது, வழக்கமான உணவகமாக நடத்துவதை நிறுத்தப்போகிறோம் என்று அறிவித்தார்கள். அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து, இப்படி ஒரு இடத்துக்குப் போனால் சமையல்கட்டில் நிற்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

மறுபடி போக மனம் வந்தால் மதிய வேளையில் போங்கள். பல இடங்களில் தட்டுகளும் குறைவு, விலையும் குறைவு. பதிவு செய்யும்போதே "கடைசியில் அப்பாவுக்குச் சோறு வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். தயங்காதீர்கள், செய்துதருவார்கள். செய்யமாட்டோம் என்றால் அந்த இடம் வேண்டாம்.

கியோட்டோ கதையில் ஒன்று பாக்கி. கடைசியில் ஒரு மண்சட்டியை மேஜைக்கே கொண்டுவந்து திறந்தார்கள். மூங்கில் குருத்து போட்ட சோறு, அடியில் லேசாகக் காந்தல் பிடித்தது. என் மனைவி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள். சட்டியில் இன்னும் மீதி இருந்தது. கடைக்கார அம்மாள் அதை உள்ளே எடுத்துப்போய் உருண்டை பிடித்து, தாளில் பொதிந்து, வாசல் வரை வந்து இரண்டு கையாலும் நீட்டினார். மறுநாள் காலை ஒசாகா ரயிலில் அதைப் பிரித்துச் சாப்பிட்டோம்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.