அணுகத்தக்க காணொளி என்றால் என்ன? வாசிப்பு கற்க அது எப்படி உதவுகிறது?

காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் காணொளி மூலம் வாசிப்பு கற்பிக்கலாமா என்று இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்ப் பெற்றோர் கேட்பதுண்டு. கற்பிக்கலாம், காணொளி அணுகத்தக்கதாக இருந்தால். அதாவது, பேச்சு எழுத்தாகத் திரையின் அடியில் ஓட வேண்டும்; இதுதான் வசன வரி. காட்சியில் நடப்பதை ஒரு குரல் இடைவெளிகளில் விவரிக்க வேண்டும்.

கேட்கும் பிள்ளை, தெரிந்த ஒலியோடு எழுத்தைப் பொருத்தி வாசிக்கிறது. காது கேளாத பிள்ளைக்கு அந்தப் பிடிமானம் மிகக் குறைவு. 'மழை' என்ற சொல்லும், மழை கொட்டும் காட்சியும், அதற்கான சைகையும் சேர்ந்து வரும்போது சொல் பொருளோடு நேராக ஒட்டிக்கொள்கிறது. வரிகள் மெதுவாக ஓடட்டும். நிறுத்தி மீண்டும் காட்டுங்கள், என் கருத்தில் இதுவே பாதிப் பாடம். பார்வையற்ற பிள்ளைக்கு விவரிப்பு சொல்வளம் தரும். அதே சொற்களை மேடிட்ட புள்ளிகளாலான பிரெயில் எழுத்தில் விரலால் படிப்பதும் கூடவே நடக்க வேண்டும்.

தைப்பூசக் கூட்டத்தில் எட்டிப் பார்க்க முடியாத பேரனுக்கு, "இப்போது மயிற்பீலிக் காவடி வருகிறது" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பாரே, அதுதான் விவரிப்பு. தேவாரப் புத்தகத்தில் பாட்டுக்கேற்பத் தாத்தா விரலை நகர்த்துவது போன்றது வசன வரி.

வசன வரி இருந்தால் சைகை மொழி வேண்டாம் என்று பலர் நினைப்பது தவறு: 2023-இல் நாட்டின் 12-ஆவது ஆட்சிமொழியான தென்னாப்பிரிக்கச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு, அதில் வளரும் பிள்ளைக்கு ஆங்கில வரியும் தமிழ் வரியும் இரண்டாம் மொழிதான்.