உங்கள் வலது கால் இன்னும் காரில் இருக்கிறது

வாசகர் கேள்வி – பதில்

குன்னூரில் இருசக்கர வாகனப் பட்டறை நடத்துவதோடு, வண்டி ஓட்டவும் கற்றுக்கொடுப்பவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 44. அரவேணுவில் வசிக்கிறோம். திருமணமான நாளிலிருந்தே மலைப்பாதையில் கார் ஓட்டுகிறேன். பஸ்ஸுக்கும் லாரிக்கும் பயந்தது கிடையாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் வழி குறுகலானது, கார் நுழையாது. அதனால் கணவர் 2016ஆம் ஆண்டு வாங்கிய 150 சிசி பைக்கில் பழகி வருகிறேன். சிறுவயதில் சைக்கிள் ஓட்டியிருப்பதால் சமதரையில் சமாளிக்கிறேன். ஆனால் ஏற்றத்தில் நின்று எடுத்தால் எஞ்சின் அணைந்து வண்டி பின்னால் உருள்கிறது. இறக்கத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தபோது பிரேக்கை மிதித்தேன், பின்சக்கரம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விட்டது. காரே ஓட்டத் தெரிந்த எனக்கு இது ஏன் வரவில்லை? புதிய பைக் வாங்கினால் சரியாகுமா? – வாசகி, அரவேணு.

பதில்: கார் ஓட்டத் தெரிந்ததால்தான் இந்தச் சிக்கல். உங்களுக்குத் துணிச்சலும் இருக்கிறது, சாலையைப் படிக்கும் கண்ணும் இருக்கிறது. ஆனால் ஆபத்து என்றால் வலது காலை அழுத்த வேண்டும் என்று உங்கள் உடம்பு இத்தனை ஆண்டுகளாகப் பழகியிருக்கிறது. காரில் அந்த ஒரு மிதியில் நான்கு சக்கரமும் பிடிக்கும். பைக்கில் அதே காலின் கீழ் இருப்பது பின்சக்கரத்தின் பிரேக் மட்டுமே. பிரேக் பிடித்ததும் வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. இறக்கத்தில் இன்னும் லேசாகிறது. அந்த நேரத்தில் முழு பலத்தோடு மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கத்தான் செய்யும். நாய்க்காக நீங்கள் செய்தது இதுதான். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது. அது உங்கள் வலது கையில் இருக்கிறது.

புதிய பைக் பற்றிக் கேட்டீர்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளில் ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏற்பாடு, கட்டாயம். 125 சிசி வரையிலானவற்றில், பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடாவது இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் பைக் என்பதால் உங்களுடையதில் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒற்றை வழி ஏபிஎஸ் கொண்ட பைக்குகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டுமே. வலது காலால் ஓங்கி மிதித்தால் அந்தப் புதிய பைக்கும் பின்னால் வழுக்கும். எனவே முதலில் மாற வேண்டியது கால், பிறகுதான் வண்டி.

மாற்றும் வழி இது. நம் மலையில் சமதரை கிடைப்பது கடினம்தான். விடுமுறை நாளில் அனுமதி கேட்டுப் பள்ளி மைதானத்துக்குப் போங்கள். எஞ்சினைப் போடாமல், வண்டியின் இடப்பக்கம் நின்று தள்ளிக்கொண்டே நடந்து, வலது கையின் இரண்டு விரலால் முன்பிரேக்கை மெல்ல இறுக்கி நிறுத்துங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் முன்ஃபோர்க் அமுங்கி இறங்குவதைக் கண்ணால் பாருங்கள். அமுங்கும் வரை விரல் மெதுவாக இருக்க வேண்டும், அமுங்கிய பிறகு அழுத்தத்தைக் கூட்டலாம். டயர் தரையைக் கவ்விய பிறகு கொடுக்கும் அழுத்தத்தை அது தாங்கும். எடுத்த எடுப்பில் வெடுக்கென்று பிடித்தால் தாங்காது. இது கைக்குப் புரிந்த பின் ஏறி உட்கார்ந்து முதல் கியரில் இதையே செய்யுங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது மட்டும் பிடியுங்கள். ஹேண்டில்பாரைத் திருப்பிய நிலையில், நடை வேகத்தில் முன்பிரேக்கை இறுக்கினால் வண்டி அந்தப் பக்கமே சாயும். கார்க்காரர்கள் அதிகம் விழுவது இப்படித்தான், ஏனென்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்துக்கொண்டு நிறுத்துவது காரில் ஒரு பொருட்டே இல்லை.

இடது காலுக்கும் பழைய ஞாபகம் உண்டு. பதற்றத்தில் அது கிளட்சைத் தேடும், அங்கே இருப்பதோ கியர். அவசரமாக நிற்க வேண்டியபோது இடது கை கிளட்சையும் வலது கை முன்பிரேக்கையும் ஒன்றாக இழுக்கட்டும், வலது கால் மென்மையாகத் துணை நிற்கட்டும். யோசிக்காமல் வரும்வரை இதைப் பழகுங்கள்.

இனி ஏற்றம். காரில் கைபிரேக் போட்டுக் கிளட்சை விடுவீர்கள் அல்லவா? இங்கே உங்கள் கைபிரேக், வலது கால்தான். அந்தக் காலுக்கு இது நல்ல வேலை! இடது காலைத் தரையில் ஊன்றி, வலது காலால் பின்பிரேக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். வலது கை இப்போது ஆக்ஸிலேட்டருக்கு மட்டும். கொஞ்சம் முறுக்கிப் பிடித்து, கிளட்சை மிக மெதுவாக விடுங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சத்தம் கனத்துத் தாழும், வண்டி முன்னே போக முயன்று பிரேக்கோடு மல்லுக்கட்டும். கிளட்சை அங்கேயே நிறுத்தி, காலை பிரேக்கிலிருந்து எடுங்கள். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காது. உங்களுக்கு அணைந்துபோவதற்குக் காரணம், உருளும் பயத்தில் முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு அதே கையால் முறுக்கவும் பார்ப்பது என்றே நினைக்கிறேன்.

கொண்டை ஊசி வளைவில் உங்கள் கார் அனுபவம் பொன்னாக உதவும். ஒருநாள் காரில் உட்கார்ந்து, வலப்பக்க வளைவு ஒன்றில் முன்கண்ணாடியின் வலது தூண் எதை மறைக்கிறது என்று பாருங்கள். எதிரே உள்பக்கமாக வரும் பைக் முழுவதுமாக அதற்குள் ஒளிந்துகொள்ளும். இனி அந்தப் பைக்கில் இருக்கப் போவது நீங்கள். அதனால் இடது வளைவில் பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்பே ஓரமாக நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற விதியை நம்பி உள்ளே நுழையாதீர்கள். வளைவின் உள்ஓரம்தான் மிகவும் செங்குத்து. அங்கே ஒட்டிப் போகாமல், உங்கள் பாதிச் சாலைக்குள்ளேயே சற்று வெளிப்பக்கமாகத் திரும்புங்கள். வேகத்தையும் கியரையும் திரும்பும் முன்பே குறைத்துவிட வேண்டும். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும்.

குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானை வரும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காருக்குள் இருந்து பார்த்த தூரம் பைக்குக்குப் போதாது, நிறைய தள்ளியே நின்றுவிடுங்கள். துப்பட்டா சங்கிலியில் சிக்காதபடி கட்டிக்கொள்ளுங்கள், செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள். மைதானத்திலும் ஹெல்மெட் வேண்டும், அதுவும் உங்கள் தலை அளவுக்கு வாங்கிய, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட்.

கேள்வி: கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் பைக் ஓட்டத் தனியாக எடுக்க வேண்டுமா? – வாசகர், ஊட்டி.

பதில்: கட்டாயம் எடுக்க வேண்டும். இருக்கும் லைசென்ஸிலேயே கியர் உள்ள இருசக்கர வாகனப் பிரிவைச் சேர்க்கலாம். அதற்கு முதலில் எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் பெற வேண்டும், அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும். எட்டு போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். கியர் வண்டிக்கு எடுத்தால் கியர் இல்லாத ஸ்கூட்டரையும் ஓட்டலாம்.

கேள்வி: மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது எஞ்சினை அணைத்து நியூட்ரலில் போனால் பெட்ரோல் மிச்சம் என்கிறார் நண்பர். சரியா? – வாசகர், வெலிங்டன்.

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலையடிவாரக் கல்லாறு வரை அந்த இறக்கம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருந்தால் அது சூடேறி, பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது. இப்படி இறங்கி வந்த வண்டிகளின் பிரேக் லைனிங் கண்ணாடி போலப் பளபளப்பதைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன். பெட்ரோல் கணக்கும் தவறு. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு பைக்குகள் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லாமல், பெட்ரோலை மின்னணு முறையில் அளந்து தெளிக்கும் ஏற்பாட்டோடு வருகின்றன. அவற்றில் ஆக்ஸிலேட்டரை மூடிக் கியரில் இறங்கும்போது பொதுவாக பெட்ரோல் போவதே நின்றுவிடும். அணைக்காமலே உங்களுக்கு மிச்சம்தான். எந்தக் கியரில் ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள்.

கேள்வி: காரை விட்டுவிட்டுப் புதிதாக பைக்கில் வேலைக்குப் போகிறேன். மார்கழிக் காலையில் விரல் மரத்துப்போகிறது, ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிகிறது. என்ன செய்வது? – வாசகி, கொடைக்கானல்.

பதில்: மரத்த விரலுக்கு முன்பிரேக்கின் அழுத்தம் தெரியாது, ஒன்று குறைவாகப் பிடிக்கும், இல்லையென்றால் வெடுக்கென்று இழுத்துவிடும். ஆகவே கையுறையை வசதிக்கான பொருளாக நினைக்காதீர்கள், அது பிரேக்கின் ஒரு பகுதி. காற்றுப் புகாத கையுறை வாங்குங்கள், ஆனால் விரல் மடங்காத அளவுக்குத் தடிமன் வேண்டாம். கடையிலேயே ஒரு வண்டியின் பிரேக் பிடியை இழுத்துப் பார்த்து எடுங்கள். வழியில் மரத்துப்போனால் ஓரமாக நிறுத்தி, கையைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு கிளம்புங்கள். ஹெல்மெட் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தால் ஆவி வெளியேறும். மூக்கை மூடி மப்ளர் கட்டினால் மூச்சு மேல்நோக்கிப் போய்க் கண்ணாடியில்தான் படியும், அதைக் கழுத்தோடு நிறுத்துங்கள். மேகம் இறங்கிய நாளில் ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட்டில் போட்டால் வெள்ளைச் சுவர்தான் எதிரே நிற்கும். நிழல் விழும் வளைவுகளில் வெயில் ஏறும்வரை ஈரம் காயாது. முடிந்தால், அங்கே எட்டு மணிக்கு மேல் போகும்படி வேலை நேரத்தை மாற்றித் தரக் கேட்டுப் பாருங்கள்.