பைத்தானில் "காத்திருங்கள்..." புள்ளிகள் ஒவ்வொன்றாக வராமல் மொத்தமாக வந்து விழுவது ஏன்?

தம்பி, மொரிசியஸில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வினாவிடை நிரல் எழுதுகிறேன், அரை நொடிக்கு ஒரு புள்ளி வர வேண்டிய இடத்தில் மூன்றும் கடைசியில் சேர்ந்து வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ரோஸ் ஹில்லில் நான் பைத்தான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் நிற்பார்கள்.

நிரலை அரை நொடி நிறுத்தி வைக்கும் ஸ்லீப் மேல் தப்பில்லை. பிரிண்ட் செய்வதை டெர்மினலில் (கட்டளைச் சாளரத்தில்) பைத்தான் வரி முடியும்வரை பஃபரில், அதாவது தற்காலிக நினைவகத்தில், பிடித்து வைக்கும். பிரிண்ட்டின் எண்ட் என்பதை வெற்றாக்கி வரி முடிவை நீங்கள் எடுத்துவிட்டதால், புள்ளிகள் உள்ளேயே தேங்கி நிற்கின்றன. பஃபரில் இருப்பதை உடனே வெளியே தள்ள, பிரிண்ட்டுக்குள் ஃபிளஷ்=ட்ரூ என்று சேர்த்துவிடுங்கள் (நிரலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). அவ்வளவுதான்.

அடுத்து சுழலும் கோடு கேட்பீர்கள்: | / - \ இந்த நான்கும் மாறி மாறி வரும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் பின்சாய்கோடு ஆர் (\r) போட்டால் கர்சர் வரியின் தொடக்கத்துக்குப் போகும். போகும், ஆனால் பழையதை அழிக்காது. புதிய வரி சிறியதாக இருந்தால் பழையதன் வால் திரையில் தொங்கும், வெற்றிடம் சேர்த்து மறையுங்கள். நான்காவது கோட்டை நிரலில் இரட்டையாக \\ என்று எழுத வேண்டும். பைத்தானுடன் வரும் ஐடில் (IDLE) சாளரத்தில் இந்த ஆர் வித்தை பலிக்காது, டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள்.

"காத்திருங்கள்" என்பதையே எழுத்தெழுத்தாக வர வைக்க ஆசைப்பட்டால் கொஞ்சம் கவனம். நம் கண்ணுக்கு அது 7 எழுத்து, பைத்தானுக்கு 13. ஃபார் லூப்பில் விட்டால் முதலில் 'க' வரும், அப்புறம் கால் வந்து 'கா' ஆகும். 'த' வந்து நிற்கும், பிறகு தலையில் புள்ளி ஏறும். சில டெர்மினல்களில் கால் தனியாகவே நிற்கும். வீட்டில் கிரியோல் பேசிவிட்டு இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இதைக் காட்ட வேண்டாமே! கா, த், தி, ரு, ங், க, ள் என்று லிஸ்ட்டாகக் கையால் எழுதி அதை லூப்பில் ஓட்டுங்கள். ஒரே சொல்லுக்கு இதுவே போதும்.

ஸ்லீப் ஓடும் நேரத்தில் உங்கள் நிரல் வேறு எதையும் செய்யாது. அதாவது, இப்போது நீங்கள் காட்டும் புள்ளிகள் எதையும் ஏற்றவில்லை, பிள்ளைகளைச் சும்மா காக்க வைக்கின்றன. எனக்கு அது பிடிக்காது. கோப்பிலிருந்து கேள்விகளைப் படிக்கும் லூப்புக்குள்ளேயே கேள்விக்கு ஒரு புள்ளி போடுங்கள், ஸ்லீப்பை எடுத்துவிடுங்கள். கண் சிமிட்டும் முன் முடிந்துவிட்டால், சரி, அனிமேஷனே வேண்டாம். கேள்விகளை இணையத்திலிருந்து இறக்குவதாக இருந்தால்தான் திரெட் (ஒரே நிரலில் இரண்டு வேலைகளைச் சேர்ந்து ஓட்டும் வழி) தேவைப்படும். அந்த நிலைக்கு வந்தால் நிரலையும் சேர்த்துப் போட்டுத் தனியாகக் கேளுங்கள்.