சங்க அட்டைக்காகக் கூடுதல் கூலி கொடுக்கலாமா?

மழை ஓய்ந்து, பொங்கலுக்கு வீட்டைத் துடைத்து வைக்கிற நேரம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு, ஜன்னல் கண்ணாடியைச் சுற்றியே இருந்தன. அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் அடுக்ககம் மூன்று மாடி, எட்டு வீடுகள். உப்புக் காற்றில் வெளிப்பக்கக் கண்ணாடி எல்லாம் மங்கிக் கிடக்கிறது. சுத்தம் செய்ய இரண்டு பேரிடம் கூலி கேட்டோம். ஒருவர் வீட்டுக்கு 900 ரூபாய் சொன்னார். இன்னொருவர் 1,400 ரூபாய். ஏன் இவ்வளவு என்றால், "நாங்கள் ஜன்னல் சுத்தம் செய்வோர் சங்கத்தில் உறுப்பினர்" என்று ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் காட்டுகிறார். அந்த அட்டையை நம்பி 500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாமா?
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: அட்டைக்காகக் கொடுக்க வேண்டாம். அட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று விசாரித்துவிட்டு, அதற்குக் கொடுக்கலாம்.

இந்தத் தொழிலுக்குச் சங்கம் என்பது புதிய சங்கதி இல்லை. பிரிட்டனில் ஜன்னல் சுத்தம் செய்பவர்களின் கூட்டமைப்பு 1947-லேயே தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் 1989-ல் ஒன்று வந்தது. உயரத்தில் தொங்கி வேலை செய்பவர்களுக்கான பாதுகாப்பு விதிமுறை 2001-ல் வெளிவந்ததற்கு அந்த அமெரிக்கச் சங்கமே காரணம். ஓர் ஏணி, இரண்டு வாளி என்று தனியாளாகத் தொழில் செய்பவருக்குப் பயிற்சி, காப்பீடு, சட்ட ஆலோசனை எல்லாம் தனியாகக் கட்டுப்படியாகாது. பத்துப் பேர் சேர்ந்தால் கிடைக்கும். சங்கத்தால் தொழிலாளிக்கு லாபம் அதுதான். வீட்டுக்காரருக்கும் அதே வழியில் லாபம் வரும், சங்கம் நிஜமாக இயங்கினால்.

ஜன்னல் துடைப்பதற்கென்று நம்மிடம் தனி உரிமம் கிடையாது. ஸ்காட்லாந்தில் 1982-ம் ஆண்டுச் சட்டப்படி, உள்ளாட்சி மன்றம் முடிவெடுத்தால் ஜன்னல் சுத்தம் செய்பவர் உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும். இங்கே அப்படிச் சரிபார்க்க யாரும் இல்லாததால், சங்க அட்டையைப் பார்த்ததும் அது அரசாங்கம் கொடுத்தது போல நமக்குத் தோன்றிவிடுகிறது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரும் இதே போல் ஓர் அட்டை காட்டினார். அதில் இருந்த சங்க எண்ணுக்கு அவர் முன்னாலேயே போன் போட்டேன். அவரோடு வாளி தூக்கி வந்த பையனின் சட்டைப் பையில் மணி அடித்தது. எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நல்ல வேலைக்காரர் அவர். அந்தப் பொய் அவருக்குத் தேவையே இல்லை.

ஆகவே நீங்களும் போன் போடுங்கள். உறுப்பினர் மீது புகார் வந்தால் யார் விசாரிப்பார்கள், இதற்கு முன் விசாரித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சங்கத்தின் பதிவு எண்ணும் பதிவான ஆண்டும் கேளுங்கள். தடுமாறாமல் பதில் வந்தால் சங்கம் இருக்கிறது என்று கொள்ளலாம். இல்லாத சங்கத்தில் உறுப்பினர் என்று சொல்லி வேலை பிடிப்பது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. இல்லாத அங்கீகாரத்தையோ தொடர்பையோ இருப்பதாகக் காட்டுவதை அந்தச் சட்டத்தின் 2(47) பிரிவு வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது.

அப்புறம், அந்த 500 ரூபாய்க்கு வேறு நியாயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூன்றாவது மாடியின் வெளிப்பக்கத்தை எப்படித் துடைக்கப் போகிறார்? 900 ரூபாய்க்காரர் சன்ஷேடில் இறங்கி நின்று துடைப்பதாகச் சொன்னால், தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றவர் இடுப்புக் கயிறும் ஹார்னஸும் (உடலைச் சுற்றிக் கட்டும் பாதுகாப்புப் பட்டை) கொண்டுவருகிறாரா, அல்லது தரையில் நின்றபடியே நீளக் கம்பில் பிரஷ் வைத்துத் தண்ணீர் ஏற்றிக் கழுவுகிறாரா? இந்தக் கம்பு முறைக்கு உப்பு நீக்கிய தண்ணீர் வேண்டும். துணியால் துடைக்காமல் அப்படியே காய விடுவார்கள், புள்ளி விழாது. நம் போர் தண்ணீரை அப்படிக் காய விட்டால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொட்டு வைத்தது போலாகிவிடும். தண்ணீரைச் சுத்திகரிக்கிற செலவு அவருக்கு இருக்கிறது. அதற்கு 1,400 கேட்டால் நான் கொடுப்பேன்.

ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா திட்டத்தில் வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர் யாரும் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்குச் சேரலாம். உறுப்பினர்களை அந்த 20 ரூபாய்த் திட்டத்தில்கூடச் சேர்த்துவிடாத சங்கத்தின் அட்டைக்கு நீங்கள் 500 ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: புது வீடு கட்டி முடித்து, கிரகப்பிரவேசத்துக்கு முன் ஜன்னல் சுத்தம் செய்ய ஆள் வைத்தோம். சிமென்ட், பெயிண்ட் தெறிப்பு எல்லாம் போய்விட்டது. ஆனால் மறுநாள் காலை வெயில் பட்டபோது ஹால் கண்ணாடிகள் நான்கிலும் கோடு கோடாகக் கீறல். சுத்தம் செய்தவர், "கண்ணாடியே மட்டம்" என்கிறார். கண்ணாடிக் கடைக்காரர், "பிளேடு போட்டது அவர்தான்" என்கிறார். யாரிடம் கேட்பது?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உலகம் முழுக்க இந்தத் தொழிலில் அதிகம் சண்டை வருகிற இடம் இதுதான். மூன்று பேரும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை சொல்லக்கூடிய வழக்கு என்பதால் நிதானமாகப் பாருங்கள்.

முதலில் கண்ணாடியின் மூலையைப் பாருங்கள். அழியாத சின்ன முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் டஃபண்ட் கண்ணாடி, அதாவது சூடேற்றி உறுதியாக்கியது. சூளையில் உருளைகள் மேல் போகும்போது கண்ணாடித் துகள்கள் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொள்வது உண்டு. கையால் தடவினால் மிக மெல்லிய சொரசொரப்பு தெரியும். அதன் மேல் ஸ்க்ரேப்பர் பிளேடு ஓடினால் துகள் பெயர்ந்து, பிளேடோடு இழுபட்டுக் கீறிவிடும். அப்படியானால் தரக்குறைவு கண்ணாடியில் இருக்கிறது. ஆனால் அனுபவமுள்ளவர் பிளேடு எடுப்பதற்கு முன் விரலால் தடவிப் பார்ப்பார், ஓரத்தில் ஓரிடத்தில் சோதிப்பார், சொரசொரப்பு இருந்தால், "கீறல் விழலாம், செய்யவா?" என்று உங்களிடம் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார். வெளிநாட்டுச் சங்கங்கள் இதற்காகவே உறுப்பினர்களை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கச் சொல்கின்றன. உங்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் செய்திருந்தால் அது சேவைக் குறைபாடு.

கீறலின் வடிவமும் சாட்சி சொல்லும். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். நேராக, அடுத்தடுத்து, பிளேடு அகலத்துக்குள் அடங்குகிற கோடுகள் என்றால் பிளேடு. கை வீச்சில் அரை வட்டமாக இருந்தால் மணலோடு சேர்த்துத் துணியால் தேய்த்தது. கோடு இல்லாமல் வெள்ளையாக வடிந்த தடம் என்றால் அது கீறலே இல்லை. பூச்சு வேலையின் சிமென்ட் நீர் நாள்கணக்கில் நின்று கண்ணாடியை அரித்தது. அது கொத்தனார் பாலித்தீன் தாள் ஒட்டாமல் விட்ட வேலை, துடைத்தவர் பொறுப்பல்ல. படம் எடுத்து வையுங்கள்.

நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் தட்டுப்படாத கீறலை சீரியம் ஆக்சைடு என்கிற கண்ணாடி மெருகுப் பொடியால் பாலிஷ் போட்டுப் போக்கிவிடலாம். நகம் தட்டினால் பாலிஷ் போடாதீர்கள். அந்த இடம் குழிந்து, வெளியே பார்க்கும் தென்னைமரம் வளைந்து தெரியும். மாற்றத்தான் வேண்டும். டஃபண்ட் கண்ணாடியை வெட்ட முடியாது, அளவு கொடுத்துப் புதிதாகவே செய்ய வேண்டும். அதனால் தொகையைத் தோராயமாகச் சொல்லாமல் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள்.

பிறகு, சுத்தம் செய்தவருக்கும் கண்ணாடிக் கடைக்கும் ஒரே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி 15 நாள் கெடு கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிட்டால், "நான் இல்லை, அவர்" என்று ஒருவர் மேல் ஒருவர் கை காட்டுவதை ஆணையமே தீர்த்துக்கொள்ளும்.

என் தனிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று. அவர் சின்னத் தொழில்காரர், பாதிச் செலவை ஏற்கிறேன் என்று முன்வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். நான்கு கண்ணாடிக்காக அவர் மூன்று மாத வருமானத்தை இழப்பதைப் பார்த்து உங்களுக்கும் நிம்மதி இருக்காது.

கேள்வி: கடலூர் நிறுவனம் ஒன்று எங்கள் கடைக் கண்ணாடியைச் சுத்தம் செய்துவிட்டு, 18% ஜி.எஸ்.டி. சேர்த்துத் துண்டுச் சீட்டில் பில் எழுதிக் கொடுத்தது. பதிவு எண் இல்லை. கொடுக்க வேண்டுமா?
– முத்தியால்பேட்டை

பதில்: எண் இல்லாமல் வரி இல்லை. சேவைத் தொழிலில் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர் பொதுவாகப் பதிவு செய்யவே தேவையில்லை. பதிவு இல்லாதவர் வரி என்று ஒரு ரூபாயும் வசூலிக்கக் கூடாது. பதிவு இருந்தால் 15 இலக்க எண் பில்லில் இருக்கும். தமிழ்நாட்டு எண் 33 என்றும் புதுச்சேரி எண் 34 என்றும் தொடங்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அதைத் தட்டினால் பெயர் வரும். கூலியை மட்டும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான்கு வருடமாக ஜன்னல், கண்ணாடி முகப்பு சுத்தம் செய்கிறேன், என்னோடு இரண்டு பையன்கள். "சிறு தொழில் சங்கத்தில் சேருங்கள், 6,000 ரூபாய் கட்டினால் மாதம் பத்து வாடிக்கையாளர் நிச்சயம்" என்று ஒருவர் வந்தார். கட்டலாமா?
– நெல்லிக்குப்பம்

பதில்: தம்பி, வாடிக்கையாளர் எண்ணிக்கையை உறுதி சொல்கிறவர் சங்கம் நடத்தவில்லை, ஏஜென்சி நடத்துகிறார். அதில் தப்பில்லை. ஆனால் ஏஜென்சி என்றால் "பத்து தராவிட்டால் இவ்வளவு திருப்பித் தருவேன்" என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தந்தால் யோசியுங்கள். எழுதித் தந்துவிட்டு ஏமாற்றினால், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிற நீங்களும் சட்டப்படி நுகர்வோர்தான், அதே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

சங்கம் என்றால் கணக்கு இருக்கும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். போன வருடக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். உறுப்பினர் பணம் எதற்குச் செலவானது என்பது அதில் தெரியும். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, வாங்கித் தருகிறோம் என்று அதற்கும் சேர்த்துக் கேட்டால் கொடுக்காதீர்கள், அது ஆதாரை வைத்து இணையத்தில் நாமே இலவசமாகச் செய்துகொள்வது.

எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. அந்தச் சட்டத்தில் சங்கம் தொடங்க ஏழு பேர் போதும். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று உங்கள் சுற்றில் இதே தொழில் செய்பவர்கள் ஏழு பேர் இருக்க மாட்டார்களா? முதல் வருடம் பெரிதாக ஒன்றும் வேண்டாம். நல்ல ஹார்னஸ் இரண்டு செட் பொதுவில் வாங்கி வையுங்கள், மாடி வேலை வருகிறவர் எடுத்துப் போகட்டும். எல்லாரையும் 20 ரூபாய்க் காப்பீட்டில் சேருங்கள். பிளேடு போடும் முன் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க ஒரு பக்கத் தாள் அச்சடியுங்கள். மேலே மஞ்சக்குப்பத்துக்காரர் கேட்டது உங்களில் ஒருவரைப் பற்றியதாக இருந்திருந்தால், அந்தத் தாள் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

ஒரு புகார் நோட்டும் போடுங்கள். வந்த புகார், யார் போய்ப் பார்த்தது, எப்படி முடிந்தது. வாடிக்கையாளர் கேட்டால் அதைப் பிரித்துக் காட்டுங்கள்.