தோற்ற செஸ் ஆட்டத்தை எப்படி அலசுவது?

தினமும் செஸ் ஆடியும் முன்னேற்றமே இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆட்டங்களைக் குறைத்துக்கொண்டு, ஆடியதைத் திரும்பிப் பாருங்கள்.

முதலில் கணினியின் உதவி வேண்டாம். ஸ்டாக்ஃபிஷ் போன்ற செஸ் மென்பொருள் சரியான நகர்த்தலைச் சொல்லிவிடும். ஆனால் நீங்கள் எதை நினைத்துத் தவறாக ஆடினீர்கள் என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும், அதுவும் ஆட்டம் முடிந்த சூட்டில்தான் நினைவிருக்கும். உடனே எழுதிவிடுங்கள்.

ஒரு உதாரணம். நீங்கள் கறுப்பு. இருவரும் ராஜாவின் முன்னிருக்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியாயிற்று. வெள்ளை ராணி எச்5 கட்டத்துக்கு வருகிறது; நீங்கள் குதிரையை சி6இல் வைக்கிறீர்கள். வெள்ளை மந்திரி சி4க்கு வருகிறது. ராணியைத் துரத்தலாம் என்று இன்னொரு குதிரையை எஃப்6க்குக் கொண்டுவருகிறீர்கள். ராணி எஃப்7 சிப்பாயை வெட்டுகிறது, மேட்! உங்கள் ராஜா தப்ப வழியில்லை, ஆட்டம் முடிந்தது.

"சிப்பாயை ஜி6க்குத் தள்ளியிருக்க வேண்டும்" என்று குறித்தால் அந்த ஒரு நிலைக்குத்தான் பயன். "எதிராளி எங்கே குறிவைக்கிறார் என்று பார்க்காமல் என் திட்டத்தையே ஆடினேன்" என்று எழுதுங்கள். பத்து ஆட்டங்களுக்குப் பிறகு குறிப்பேட்டைப் புரட்டினால், பெரும்பாலும் இதே வரி திரும்பத் திரும்ப வந்திருக்கும். நீங்கள் பயிற்சி எடுக்க வேண்டியது அதற்குத்தான்.

அப்புறம் கணினிக்குப் போங்கள். லிச்செஸ் தளத்தில் அலசல் இலவசம். காய் பறிபோன இடங்களையும் மேட் தவறிய இடங்களையும் மட்டும் பாருங்கள். கணினி காட்டும் அரைச் சிப்பாய் மதிப்பளவு சின்ன வித்தியாசமெல்லாம் இப்போது வேண்டாம். வென்ற ஆட்டங்களையும் விட்டுவிடாதீர்கள், எதிராளி கவனிக்காமல் விட்ட உங்கள் தவறுகள் அங்கேயும் இருக்கும்.